முந்நூற்று மூன்றாம் பிரிவு

அரசாங்க ஊழியர் ஒருவரைக் கொன்றவனுக்குச் சாதாரணக் குடிமகனைக் கொன்றவனைக் காட்டிலும் கடுமையான தண்டனை உண்டா? தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவருள் ரயில்வே, தபால், சுங்கம், வருமான வரி முதலிய இலாகாக்களில் பணியாற்றுவோர் பலர். அவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டால், "உண்டு, இருக்கத்தானே வேண்டும்" என்று பெரும்பாலோர் விடை கூறுவர். நம் நாட்டுக் கொலைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. அது ஏன் கூறவில்லை என்பதும், கூற முயன்ற ஓர் இடத்தில் என்ன நேர்ந்தது என்பதும் நூற்றிருபது ஆண்டுக் கதை. அந்தமான் தீவில் அதன் முக்கியமான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. டில்லியில் அது முடிவுக்கு வந்தது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் நகலை உருவாக்கிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மெக்காலே. 1834-இல் சென்னையில் கரையிறங்கிய அவர், கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு அப்போது உதகமண்டலத்தில் தங்கியிருந்தமையால், நேரே நீலகிரிக்குச் சென்று அவரைக் கண்டார். நகல் 1837-இல் முடிவுற்றது. சர் பார்ன்ஸ் பீகாக் அதனைத் திருத்திச் செப்பனிட்ட பின்னர், 1860 அக்டோபர் 6-ஆம் நாள் சட்டமாகி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1857-இன் பெருங்கிளர்ச்சி அடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. தம் அதிகாரிகள் பலரைப் பறிகொடுத்திருந்த அரசு அது. அப்படியிருந்தும் கொலைக்குத் தண்டனை கூறும் 302-ஆம் பிரிவில் கொலையுண்டவர் யார் என்ற பேச்சே எழவில்லை. மரணம் அல்லது ஆயுள் முழுவதும் தீவாந்தரம் என்பதோடு அப்பிரிவு நின்றுவிட்டது. வைசிராயின் உயிரும் வழிப்போக்கனின் உயிரும் அதன் முன் ஒரே எடைதான்.

ஊழியரைச் சட்டம் கைவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. காப்பு வேறு இடங்களில் அமைந்துள்ளது. பொது ஊழியர் என்பவர் யார் என்று 21-ஆம் பிரிவு நீண்ட பட்டியல் ஒன்றைத் தந்தது. நீதிபதி, பஞ்சாயத்தார், வரி வசூலிப்பவர் ஆகியோருடன், பிறரைக் காவலில் வைக்க அதிகாரம் பெற்ற ஒவ்வொருவரும், அதாவது சிறை அலுவலரும், அப்பட்டியலில் இடம் பெற்றனர். அத்தகையோரைக் கடமை செய்யவிடாது தடுக்கும் பொருட்டு அடித்தால் மூன்று ஆண்டு வரை சிறை. சாதாரண ஒருவரை அடித்தாலோ ஓராண்டு வரைதான். கொடுங்காயம் விளைத்தால் சாதாரண மனிதர் விஷயத்தில் ஏழு ஆண்டு வரையும், ஊழியர் விஷயத்தில் பத்து ஆண்டு வரையும் விதிக்கலாம். அடி, காயம் என்ற அளவில் ஊழியருக்குத் தனிக் காப்பு உண்டு. உயிர் போய்விட்டால் மட்டும் அந்த வேற்றுமை மறைந்துவிடுகிறது. மரணத்துக்கு மேல் ஏற்ற மற்றொரு தண்டனை இல்லையே!

ஆயினும் கொலைச் சட்டத்தின் உள்ளேயே ஊழியரைக் காக்கும் நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. திடீரென மூண்ட கோபத்தில் தன்னை மறந்து ஒருவன் கொன்றுவிட்டால், அது கொலைக் குற்றத்தினின்று ஒரு படி இறங்கிவிடும். ஆனால் அந்தக் கோபம் ஓர் ஊழியர் தம் அதிகாரத்தைச் சட்டப்படி செலுத்தியதால் மூண்டதானால், அச்சலுகை கிடையாது. சட்டமே இதற்கு எடுத்துக்காட்டு ஒன்றையும் தருகிறது. அமீனா ஒருவர் ஒருவனை முறைப்படி கைது செய்கிறார். கைதானவன் சினம் தலைக்கேறி அவரைக் கொன்றுவிடுகிறான். இது கொலையே என்று அது முடிக்கிறது. ஜப்திக்கும் கைதுக்கும் செல்லும் அமீனாவைக் கண்டு யாருக்குத்தான் கோபம் வராது? அக்கோபத்தை மன்னிப்பதானால் எந்த அமீனாவும் உயிரோடு வீடு திரும்ப இயலாது. அந்நூலில் வரும் எடுத்துக்காட்டுகளுள் இதனை மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக நான் கருதுகிறேன். மறுபக்கத்தில், கடமையைச் செய்வதாக நல்லெண்ணத்துடன் நம்பி, அதிகார எல்லையை மீறி ஓர் ஊழியர் ஒருவரைக் கொன்றுவிட்டால், அவருக்கு அதே படியிறக்கம் உண்டு. தராசு இங்கே ஊழியர் பக்கம் சற்றுச் சாய்ந்திருப்பதை மறுக்க இயலாது.

இவ்வாறு நிதானமாக அமைந்த சட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிதானம் கைவிடப்பட்டது. அதுதான் 303-ஆம் பிரிவு. ஆயுள் தீவாந்தர தண்டனை பெற்று அதனை அனுபவித்து வருபவன் கொலை செய்தால் அவனுக்கு மரண தண்டனையே விதிக்கப்பட வேண்டும். வேறு எதுவும் கூடாது. ஒற்றை வாக்கியம். நீதிபதி கேட்க வேண்டியவை இரண்டே: அவன் ஆயுள் கைதியா? கொலை செய்தானா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால், அதன்பின் அவருடைய பேனா எழுதக்கூடியது ஒன்றே.

ஊழியர் என்ற சொல்லே அப்பிரிவில் இல்லை. ஆயினும் அது யாரை எண்ணி எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. 1858 மார்ச்சு மாதத்தில் அந்தமானில் போர்ட் பிளேர் கைதிக் குடியேற்றம் தொடங்கியது. (2024 முதல் அவ்வூரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) முதலில் வந்திறங்கியோர் 200 கைதிகள், பின்னர்க் கப்பல் கப்பலாக வந்தனர். அவர்களைக் காத்தவர் தொகையோ சிறிது. அதிலும் ஜமேதார், டிண்டால் போன்ற கீழ்நிலைக் காவலர் கைதிகளுள்ளிருந்தே பொறுக்கி எடுக்கப்பட்டனர். காடு வெட்டக் கோடரியும், சமைக்கக் கத்தியும் கைதியின் கையில் கொடுத்தாக வேண்டும். ஆயுள் முழுவதும் தீவாந்தரம் என்று தீர்ந்துவிட்டவன், காவலர் ஒருவரை வெட்டிவிட்டு மீண்டும் ஆயுள் தீவாந்தரமே பெறுவானாயின், அவனுக்கு நஷ்டம் என்ன? காவலருக்கு அரண் என்ன? இந்தக் கேள்விக்கு 303-ஆம் பிரிவு விடையளிக்க முற்பட்டது. விடிகாலையில் சாவிக்கொத்துடன் தனியே கொட்டடி திறக்கச் செல்லும் வார்டரின் நிலையில் நம்மை வைத்துப் பார்த்தால், அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. அதுவும் போதாதென்று 1870-இல் கொலை முயற்சி பற்றிய 307-ஆம் பிரிவிலும் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. ஆயுள் கைதி கொல்ல முயன்று காயம் விளைத்தால், உயிர் போகாவிடினும், அவனைத் தூக்கிலிடலாம். இங்கே 'லாம்' என்ற அளவுக்காவது நீதிபதிக்கு இடம் விடப்பட்டது.

இதே காலத்தில் வடமேற்கு எல்லையில் மற்றொரு கடுஞ்சட்டம் பிறந்தது. 1853-இல் பெஷாவர்க் கமிஷனர் மாக்கிசன் தம் இல்லத்தின் தாழ்வாரத்தில் அலுவல் பார்த்துக்கொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். அத்தகைய தாக்குதல்கள் தொடர்ந்தன. 1867-இல் பஞ்சாபுக்கென்று தனிச் சட்டம் ஒன்று இயற்றினர். மதவெறியால் உந்தப்பட்டு அரசியாரின் ஊழியரையோ பிறரையோ கொன்றவனையும் கொல்ல முயன்றவனையும் கமிஷனரே விசாரித்து மரண தண்டனை விதிக்கலாம், மேல்முறையீடு கிடையாது, சொத்தும் பறிமுதலாகும். குற்றவாளி இன்ன மனநிலையுடையவன் என்று அதிகாரி கருதினாலே பொதுச் சட்டத்தின் காப்புகள் யாவும் அவனை விட்டு நீங்கிவிடும். கொலையுண்டவரின் சகாவே நீதிபதி! பெயரளவில் இது சட்டம். உள்ளே பழி வாங்கும் வேகமே மிகுந்திருந்தது என்று கூறுவது மிகையன்று.

அதே 1867-ஆம் ஆண்டில் அதே பெஷாவரில் ஷேர் அலி என்ற அப்ரிதிப் பட்டாணியன் ஒருவன் குலப்பகையின் காரணமாக உறவினன் ஒருவனைக் கொன்றதாகக் கொலைத் தீர்ப்புப் பெற்றான். மேற்கூறிய தனிச் சட்டத்துக்கும் அவன் வழக்குக்கும் தொடர்பில்லை. அவன் அதற்கு முன் பெஷாவர்க் கமிஷனர்களின் கீழ்க் குதிரை வீரனாக ஊழியம் செய்து நற்சான்று பெற்றவன். தண்டனை ஆயுள் தீவாந்தரமாகக் குறைக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவன் நடத்தையில் குறை கூற இடமில்லை. ஆகவே ஹோப் டவுன் என்ற இடத்தில் நாவிதத் தொழில் செய்துகொண்டு ஓரளவு தன்னிச்சையாக வாழ அனுமதி பெற்றான்.

1872 பிப்ரவரி 8-ஆம் நாள் வைசிராய் மேயோ பிரபு கைதிக் குடியேற்றத்தைப் பார்வையிட வந்தார். சிறை நிர்வாகத்தைச் செம்மைப்படுத்துவதில் அவருக்கு மெய்யான அக்கறை இருந்தது. பகலெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் ஹாரியட் மலையேறிக் கதிரவன் மறைவதைக் கண்டு களித்தார். இறங்கி வரும்போது இருட்டிவிட்டது. தீவட்டி வெளிச்சத்தில் ஹோப் டவுன் படகுத்துறையை நெருங்கினார். முன்னும் பின்னும் காவலர். படகில் ஏறச் சில அடிகளே இருந்தன. இருளிலிருந்து பாய்ந்த ஷேர் அலி அவர் முதுகின்மேல் தாவிக் கத்தியால் குத்தினான். மேயோ நீரில் விழுந்தார். தூக்கியெடுத்துப் படகில் கிடத்திக் கப்பலுக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. இந்தியாவில் கொலையுண்ட ஒரே வைசிராய் அவர்தாம்.

ஷேர் அலி ஓட முயலவில்லை. ஏன் செய்தாய் என்று வினவியபோது, இறைவன் கட்டளையால் செய்ததாகவும், இறைவனைத் தவிர வேறு கூட்டாளி தனக்கு இல்லையென்றும் கூறினான். தனக்குத் தண்டனை கிடைத்த நாளிலிருந்தே உயர்நிலை வெள்ளையர் ஒருவரைக் கொல்வதென்று தீர்மானித்திருந்தான் என்பது பின்னர் வெளிப்பட்டது. மறுநாளே விசாரணை நடந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் உறுதி செய்த பின்னர், மார்ச்சு 11-ஆம் நாள் வைப்பர் தீவில் அவன் தூக்கிலிடப்பட்டான். ஆயுள் கைதியாதலின், 303-ஆம் பிரிவின் சொற்படி வேறு முடிவுக்கு இடமே இல்லை. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 1871 செப்டம்பரில், கல்கத்தாவில் தற்காலிகப் பிரதம நீதிபதியாக இருந்த நார்மன் நகர மண்டபப் படிகளில் கத்திக்குத்துக்கு இரையாகியிருந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்குவோம். சிறை ஊழியரைக் காக்கவென்று கட்டாய மரண தண்டனை விதித்த பிரிவு பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்தது. முயற்சிக்கே தூக்கு என்ற வாசகம் ஈராண்டுக்கு முன் சேர்க்கப்பட்டிருந்தது. இவ்வளவு இருந்தும் நாட்டின் முதல் ஊழியரே அக்கைதிக் குடியேற்றத்தின் நடுவில், காவலர் சூழ, ஓர் ஆயுள் கைதியின் கையால் மாண்டார். சாவதற்கு அஞ்சுபவனைத்தான் சாவு தடுக்கும். சாவைத் தேடிப் புறப்பட்டவனுக்கு அப்பிரிவு விலங்காகவில்லை. அரசு இதனை எண்ணிப் பார்த்ததற்கு அறிகுறி சட்டத்தில் இல்லை. 303-ஆம் பிரிவு மேலும் நூறாண்டுக்கு மேல் நிலைத்தது.

இடைக்காலத்தில் ஊழியர் கொலைகள் பல நேர்ந்தன. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதைத் தமிழர் யாவரும் அறிவர். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டதால் கொலைச் சட்டம் அவரை எட்டவில்லை. ஏனையோர்மீது அரசுக்கு எதிரான சதி வழக்குத்தான் நடந்தது. 1922 பிப்ரவரியில் கோரக்பூர் மாவட்டத்துச் சௌரி சௌராவில் கூட்டம் ஒன்று காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் இருபதுக்கு மேற்பட்ட காவலர் மாண்டனர். மகாத்மா ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். அவ்வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் 172 பேருக்கு மரண தண்டனை விதித்தது! பண்டித மதன்மோகன் மாளவியா அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடினார். ஒவ்வொருவனும் என்ன செய்தான் என்று தனித்தனியே ஆராய்ந்த அந்நீதிமன்றம், 19 பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. 38 பேரை விடுவித்தது. 302-ஆம் பிரிவு நீதிபதிக்கு அளித்த சுதந்திரத்தால் அத்தனை உயிர்கள் மிஞ்சின. காவலரின் உயிர் மலிவாகிவிட்டது என்று அதனால் எவரும் கூறவில்லை. இவ்வழக்கில் 303-ஆம் பிரிவு போன்ற கட்டாய விதி பொருந்தியிருந்தால், கொலைக் குற்றம் நிலைத்த அத்தனை பேரும், தீ வைத்தவனும் கூட்டத்தோடு நின்றவனும் என்ற வேற்றுமையின்றி, ஒரே கயிற்றில் முடிந்திருப்பர்.

விடுதலைக்குப் பின் தீவாந்தர தண்டனை ஒழிந்தது. அந்தமான் கைதிக் குடியேற்றமும் உலகப் போரோடு முடிவுற்றது. 1955-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டம் முழுவதிலும் 'ஆயுள் தீவாந்தரம்' என்பதை 'ஆயுள் சிறை' என்று மாற்றியபோது, 303-ஆம் பிரிவும் புதுச்சொல்லை அணிந்துகொண்டு உயிர் வாழ்ந்தது. எந்தத் தீவை எண்ணி எழுதப்பட்டதோ அந்தத் தீவுச் சிறையே இல்லாதபோதும் பிரிவு மட்டும் நின்றது. இதற்கிடையே இங்கிலாந்தில் 1957-ஆம் ஆண்டுக் கொலைச் சட்டம் மரண தண்டனையைச் சில வகைக் கொலைகளுக்கு மட்டும் நிறுத்தியது. கடமையிலிருக்கும் போலீஸ்காரரைக் கொல்வதும், கைதி சிறை அலுவலரைக் கொல்வதும் அவற்றுள் அடங்கின. எட்டே ஆண்டுகளில், 1965-இல், கொலைக்குத் தூக்கு என்பதையே அந்நாடு கைவிட்டது. நம் சட்டக் கமிஷனும் 1971-இல் அளித்த 42-ஆம் அறிக்கையில் 303-ஆம் பிரிவின் முதல் நோக்கம் சிறை ஊழியரைக் காப்பதே என்று குறித்தது. தண்டனைச் சட்டத்தைப் பெரிய அளவில் திருத்த வந்த மசோதா ஒன்று 1978-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. 1979-இல் மக்களவை கலைந்தபோது அதுவும் வீழ்ந்தது.

சட்டமன்றம் முடிக்காததை நீதிமன்றம் முடித்தது. 1983 ஏப்ரல் 7-ஆம் நாள், மித்து என்பவருக்கும் பஞ்சாப் அரசுக்கும் இடையிலான வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 303-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் முதன்மைத் தீர்ப்பை எழுதினார். நீதிபதி சின்னப்ப ரெட்டி தனியே ஓர் இசைவுத் தீர்ப்பு எழுதினார். தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி அ. வரதராஜனும் அந்த ஐவருள் ஒருவர். ஆட்சிக்கால வெள்ளை அதிகாரிகளை உள்நாட்டுக் கைதிகளிடமிருந்து காக்கும் எண்ணம் அப்பிரிவின் பின்னே நின்றதைத் தீர்ப்புச் சுட்டத் தவறவில்லை.

அவர்கள் ஆராய்ந்த முறை கவனிக்கத் தக்கது. சிறை ஊழியரைக் காப்பது நோக்கமானால், ஆயுள் கைதி சிறைக்குள் ஊழியரைக் கொல்வதற்கு மட்டும் பிரிவு பொருந்த வேண்டும். அதுவோ அவன் பரோலில் ஊருக்குச் சென்றபோது உறவினரோடு மூண்ட சண்டையில் நேர்ந்த கொலையையும் பிடித்துக்கொள்கிறது. மறுபுறம், பத்தாண்டு தண்டனை பெற்ற கைதி வார்டரைத் திட்டமிட்டுக் கொன்றால் அப்பிரிவு அவனைத் தொடாது, அவனுக்கு 302-தான். இறந்த வார்டரின் மனைவி மக்களுக்கு இவ்வேற்றுமையை எவ்வாறு விளக்குவது? ஆயுள் கைதிகள் பிறரைவிட மிகுதியாகக் கொலை செய்கின்றனர் என்பதற்குப் புள்ளிவிவரமும் எவரும் காட்டவில்லை. மேலும், ஆயுள் சிறை கொலைகாரருக்கு மட்டும் உரியதன்று. பொது ஊழியர் ஒருவர் தம்மிடம் ஒப்படைத்த பணத்தைக் கையாடினால் 409-ஆம் பிரிவின்படி அவருக்கே ஆயுள் சிறை விதிக்கலாம். அவர் சிறையில் ஒரு முரடனின் கொடுமை பொறுக்காது திருப்பித் தாக்கி, அது கொலையாக முடிந்தால், எந்தப் பிரிவு ஊழியரைக் காக்க எழுந்ததோ அதுவே அவரைத் தூக்கு மேடைக்கு அனுப்பும்.

தண்டனை விதிக்குமுன் குற்றவாளியின் சொல்லைக் கேட்க வேண்டும் என்றும், மரண தண்டனைக்குத் தனிக் காரணங்கள் எழுத வேண்டும் என்றும் அப்போது நடைமுறையில் இருந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறியது. முடிவு முன்னரே அச்சாகிவிட்ட வழக்கில் கேட்பது எதற்கு, எழுதுவது எதற்கு? நீதிபதியின் மனம் ஈடுபடாத மரண தண்டனை நேர்மையான நடைமுறை ஆகாது என்று ஐவரும் முடிவு கட்டினர். இனி எல்லாக் கொலைக்கும் 302-ஆம் பிரிவே.

அன்று தொட்டு வார்டரின் உயிர் அரணற்றுப் போயிற்றா? 1980-இல் பச்சன் சிங் வழக்கில் மரண தண்டனையே செல்லுமா என்று ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், மிக அரிதான வழக்குகளில் மட்டும் அதனை விதிக்கலாம் என்றது. தண்டனையைக் கூட்டத்தக்க சூழ்நிலைகளாக அத்தீர்ப்பில் எடுத்துக்கூறப்பட்டவற்றுள் ஒன்று, படைவீரரோ போலீசாரோ பொது ஊழியரோ கடமையில் இருக்கும்போது, அல்லது கடமையைச் செய்த காரணத்தால், கொல்லப்படுவது. வழக்கறிஞர் ஒருவர் முன்வைத்த அப்பட்டியலை நீதிமன்றம் கட்டாய விதியாக ஏற்கவில்லை. எடை போடும்போது கருதத்தக்க பொருளாக வைத்துக்கொண்டது. கொலையுண்டவர் ஊழியர் என்பது இவ்வாறு தராசில் ஏறும் கனமான படிக்கல் ஆயிற்று. தராசு முள்ளைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்கும் கையாக அது இல்லை. பிரிவு 303-ஐ விட இது வார்டருக்கும் பொருத்தமான காப்பு என்றே நான் கருதுகிறேன். சிறைக்குள்ளும் வெளியிலும், ஆயுள் கைதியிடமிருந்தும் மற்றவரிடமிருந்தும், அது ஒன்றுபோல் அவரைத் தொடர்கிறது.

2024 ஜூலை முதல் நாள் பாரதிய நியாய சம்ஹிதை பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ஊழியரைத் தடுக்கும் பொருட்டு அடிப்பதற்கு இருந்த மூன்றாண்டு அதன் 121-ஆம் பிரிவில் ஐந்தாண்டாக உயர்ந்துள்ளது. கொடுங்காயத்துக்கு ஓராண்டுக்குக் குறையாத சிறை என்ற அடிவரம்பும் சேர்ந்துள்ளது. நாற்பத்தோராண்டுகள் ஏட்டில் மட்டும் கிடந்த 303-ஆம் பிரிவு அங்கே 104-ஆம் பிரிவாகத் திரும்பியிருக்கிறது. ஆயுள் கைதி கொலை செய்தால் மரணம், அல்லது இயற்கை ஆயுள் முடியும் வரை சிறை. இரண்டில் எது என்று தீர்மானிப்பவர் இப்போது நீதிபதி.